நரம்பில்லாமல் திருப்பி அனுப்பும் மட்டை

அம்மணிக்கு அப்பா எழுதுவது. நீ பெங்களூரிலிருந்து அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. மட்டைக்குச் சேதம் ஒன்றுமில்லை. மாப்பிள்ளை சுற்றியிருந்த துணியையும் அட்டையையும் பிரிக்கவே எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று, அவ்வளவு பத்திரம். உள்ளே நீ வைத்திருந்த துண்டுக் காகிதத்தை உன் அம்மாதான் முதலில் படித்தாள். "கம்பெனி குவார்ட்டர்ஸ்ல டென்னிஸ் கோர்ட்டு இருக்குதுங்கப்பா. அவரு ஆசையா இதை வாங்கிட்டு வந்துட்டாருங்க. பவர் ஜாஸ்தியாமா. எனக்கு ஆகுமானு நீங்க ஒருக்கா டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்க." இவ்வளவுதான் எழுதியிருந்தாய். படித்து முடித்து அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஏழு வருஷமாக எனக்குப் பழக்கமான பார்வை அது. காகிதத்தை என் சட்டைப் பையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இந்தக் கடிதத்தை நீ அச்சில்தான் படிப்பாய். நம் கிளப்பின் ஆண்டு விழா மலருக்காகச் செகரட்டரி ஒரு மாதமாக என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். "ஏனுங்க, இந்த அகலத் தலை ராக்கெட்ட இப்ப எல்லாரும் வாங்கறாங்க. நம்மளாட்ட நடுத்தர ஆளுகளுக்கு அது ஆகுமா ஆகாதானு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. முப்பது வருசம் மோட்டார் டெஸ்ட் பண்ணுன மனுசனுக்கு இது ஒரு வேலைங்களா?" என்றார். முகஸ்துதிக்கு மயங்காதவன் என்று நான் சொல்லிக்கொள்வேன், நீயும் உன் அம்மாவும் சிரிப்பீர்கள். சரி என்று ஒப்புக்கொண்டேன். உன் பார்சலும் அதே வாரம் வந்தது. எழுத உட்கார்ந்தால், உன்னை விட்டுவிட்டு மட்டையைப் பற்றி மட்டும் ஒரு பாராகூட நகரவில்லை. அதனால் உனக்கே எழுதிவிட்டேன். செகரட்டரிக்குப் பிடித்தால் போடட்டும். ஏழு வருஷம் முன்னால் அந்தப் பைனல் அன்றைக்கு நான் உன்னைப் பேசியது கிளப் முழுக்கக் கேட்டது. அதைத் திருத்துவதை மட்டும் ஒட்டிய கவருக்குள் வைத்து அனுப்பினால் அது யோக்கியமில்லை.

முதலில் மட்டை. கேட்டது நீ, அதனால் அதைச் சொல்லிவிடுகிறேன். பதினைந்து நாள் தினமும் சாயங்காலம் ஆடிப் பார்த்தேன். தலை பெரிசு, என் பழைய மட்டையை அதன் மேல் வைத்தால் உள்ளே அடங்கிவிடும். சட்டம் தடிமன், ஆனால் கையில் எடுத்தால் எடையே தெரியாது. தலையைத் தரையில் ஊன்றிக் கழுத்தில் கையை வைத்து அழுத்தினேன், இம்மிகூட வளையவில்லை. இந்த விறைப்பில்தான் இதன் பலம் இருக்கிறது. வளைகிற மட்டை பந்தின் வேகத்தில் கொஞ்சத்தைத் தானே தின்றுவிடும், இது தின்னாமல் அப்படியே திருப்பித் தருகிறது. கோர்ட்டின் இரண்டு பின் மூலைகளிலும் என் துண்டையும் உன் அம்மாவின் பழைய புடவைத் துணியையும் விரித்து வைத்து, பழைய மட்டையால் ஐம்பது பந்து, இதனால் ஐம்பது பந்து என்று நாலு நாள் அடித்தேன். பந்து பொறுக்கிப் போட்டே என் இடுப்பு விட்டுப்போயிற்று. பின்கோடு வரைக்கும் ஆழமாகப் போன பந்துகள் இதில்தான் அதிகம். கோட்டைத் தாண்டிப் போனதும் இதில்தான் அதிகம். துணி மேல் விழுந்தவை பழைய மட்டையில்தான் கூட.

நல்லதை ஒளிக்காமல் சொல்கிறேன். கையை முழுக்க வீச நேரமில்லாதபோது, பந்து உடம்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டபோது, வெறுமனே மட்டையை நீட்டினால் போதும், பந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் கைவிடாது. வலைக்குப் பக்கத்தில் நின்று தடுக்க இதைப் போல் ஒன்றில்லை. இரட்டையர் ஆட்டத்தில் என்னைப் போல முட்டி தேய்ந்தவர்களுக்கு இது வரப்பிரசாதம். கெட்டது என்னவென்றால், பந்து எங்கே பட்டது என்பது கைக்குத் தெரிவதே இல்லை. எல்லா அடியும் ஒரே மாதிரி டொக்கென்று கேட்கிறது. மெல்ல வெட்டிப் போடுகிற பந்து, வலையை ஒட்டிக் கீழே இறங்கவேண்டிய பந்து, இதில் எழும்பி மிதந்து எதிராளிக்கு விருந்தாகப் போய் நிற்கிறது. நடுத்தர ஆட்டக்காரருக்கு இது இல்லாத பலத்தைக் கடன் கொடுக்கும், இருக்கிற நயத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். மொத்தமும் வீசி அடிக்கிறவருக்கு வேண்டாம். கையைச் சுருக்கித் தட்டி ஆடுகிறவருக்கு, தலைக்குள் பின்னிய நரம்பைத் தளர்வாகக் கட்டிக்கொண்டால், தாராளமாக ஆகும். செகரட்டரி கேட்ட மதிப்பீடு இத்துடன் முடிந்தது. மலரில் இடம் இல்லை என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று அவருக்கு எழுதியிருக்கிறேன். நிறுத்தமாட்டார், வம்பு கேட்பதில் அவருக்குள்ள ஆசை எனக்குத் தெரியும்.

இனி உனக்கு. தொண்ணூற்றொன்றில் உனக்குப் பதினெட்டு வயது. கிளப்பின் பெண்கள் ஒற்றையர் போட்டிக்கு நீ என் பழைய மட்டையை வைத்துக்கொண்டுதான் தயாரானாய். உன் ஆட்டத்தில் அடி இல்லை, கணக்கு இருந்தது. காலையில் சாணி கரைத்து மெழுகி, வெயிலில் காய்ந்து, சாயங்காலம் பச்சையும் பழுப்புமாகக் கிடக்கும் நம் கோர்ட்டில் பந்து எழும்பாது, வழுக்கிக்கொண்டு தாழ வரும். நீ அதைத் தெரிந்துகொண்டு, வெட்டி வெட்டிப் போடுவாய். பந்து விழுந்த இடத்திலேயே படுத்துக்கொள்ளும். எதிரில் ஆடுகிற மில் முதலாளி வீட்டுப் பெண்கள் குனிந்து குனிந்து சலித்துப்போவார்கள். எனக்கு அதில் பெருமை இருந்திருக்க வேண்டும். இல்லை. இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது. பம்புக் கம்பெனி சிபாரிசில் கிளப்புக்குள் வந்த டெஸ்டிங் சூப்பர்வைசர் நான். அவர்கள் கார்களில் வருவார்கள், நாம் மொபெட்டில் போவோம். என் மகள் அவர்களைத் தந்திரத்தால் ஜெயிக்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, அடித்து ஜெயித்தாள் என்று சொல்ல வேண்டும். அதுதான் என் மனதில் இருந்தது.

போட்டிக்கு மூன்று வாரம் முன்னால் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு நண்பர் மூலமாக இதே மாதிரி அகலத் தலை மட்டை ஒன்றை உனக்காக வரவழைத்தேன். கோயமுத்தூரிலேயே அது இரண்டாவதோ மூன்றாவதோ. நரம்பு கட்டுகிறவரிடம் கொண்டுபோய், "அறுவத்தெட்டுப் பவுண்டு இறுக்கிப் போட்டுருங்க" என்றேன். என் புத்தியில் பெல்ட்டும் புல்லியும்தான் ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட் தளர்ந்தால் வழுக்கும், இழுவை போகும், அதனால் நரம்பும் இறுக்கமாக இருந்தால்தான் பலம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவர் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இறுக்குனா பவர் கூடாதுங்க, கொறையும். இது வளையாத சட்டமுங்க, அடியெல்லாம் கையிக்குத்தான் போகும். ஆடறது உங்க அம்மணிதானுங்களே, அதை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்" என்றார். "அதுக்கென்னங்க தெரியும், நாஞ் சொல்லறதப் போடுங்க" என்றேன். அவர் மரியாதைக்காரர், போட்டுக்கொடுத்துவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தின வருஷம்தான் கிணத்துக்கடவில் உன் மாமனோடு நான் சண்டை போட்டேன். தோப்புக் கிணற்றுக்கு மூன்று ஹெச்.பி. மோட்டார் போதும் என்று நான் சொன்னேன், அவர் ஏழரைதான் வேண்டும் என்று நின்றார். "கிணத்துல என்ன ஊறுதுனு பாத்துட்டு மோட்டார் வாங்குங்க மச்சான், பக்கத்துத் தோட்டத்துக்காரன் வாங்குனதப் பாத்துட்டு வாங்காதீங்க" என்று அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில் பிரசங்கம் செய்தேன். அவர் வாங்கினார், இருபது நிமிஷத்தில் கிணறு வற்றிப் பம்பு காற்றைக் குடித்தது. கடைசியில் வால்வைப் பாதி மூடி வைத்துத்தான் ஓட்டினார். திரும்பி வரும் பஸ்ஸில் வழி முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். கிணற்றைக் கேட்கத் தெரிந்தவனுக்கு உன் கையைக் கேட்கத் தெரியவில்லை.

முதல் வாரமே நீ சொன்னாய். "பந்து எங்க போகுதுனே தெரியலீங்கப்பா. என்ற கையி வேற வலிக்குதுங்க." புது மோட்டார் ஓடி ஓடித்தான் பழகும் என்றேன். இரண்டாவது வாரம் தலை பின்னக் கையைத் தூக்க முடியாமல் உன் அம்மா பின்னிவிட்டாள். அவள் உன் முழங்கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "பம்பு வாய் பேசாதுங்க, நீங்க மீட்டர வெச்சுப் பாத்துத்தான் ஆகோணும். இந்தப் புள்ள வாயத் தொறந்து சொல்லுதில்லீங்க?" நான் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். நீ பழைய மட்டையையே எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டுவிடக் கூடாது என்று அதை என் ஆபீஸ் அலமாரியில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். இது இன்றுவரை உனக்குத் தெரியாது. காணோம் என்று வீடு முழுக்கத் தேடினாய், நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

அப்படியும் எப்படியோ நீ பைனல் வரைக்கும் வந்தாய். அது மட்டையால் வந்ததல்ல, உன் பிடிவாதத்தால் வந்தது. பைனலில் கை வலிக்குப் பயந்து மெல்லத் தொட்டால் பந்து வலையில், ஆத்திரத்தில் அடித்தால் வேலிக்கு வெளியே. ஆறுக்கு இரண்டு, ஆறுக்கு ஒன்று என்று தோற்றாய். நான் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவர்களின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ நேராக என்னிடம் வந்து, மூச்சு வாங்க, "இந்த ராக்கெட்டு எனக்கு ஆகலீங்கப்பா" என்றாய். மெதுவாகத்தான் சொன்னாய். நான்தான் சத்தமாகச் சொன்னேன். "கையில வலு இல்லாதவளுக்கு எதக் குடுத்தாலும் ஆகாது. ராக்கெட்டு மேல ஒரு தப்பும் இல்ல, தப்பெல்லாம் உன்ற மேலதான்!" நாலு பேர் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததும் எனக்கு என் மானம் திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது. நீ மட்டையை உறையில் போட்டு இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் கொடுத்தாய். தோற்றாலும் மரியாதை தெரிந்த பெண் என்று அப்போதும் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். அதற்குப் பிறகு நீ கோர்ட் பக்கம் வரவில்லை. படிப்புக்காக விட்டுவிட்டாள் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.

இது வரைக்கும் நடந்தது உனக்கும் பாதி தெரியும். தெரியாததைச் சொல்லத்தான் இத்தனையும். நீ விடுதியில் தங்கி மேல்படிப்புப் படிக்கப் போன பிறகு, ஆபீஸ் அலமாரியிலிருந்து எடுத்து நான் ஆடிக்கொண்டிருந்த அந்தப் பழைய மட்டையின் சட்டம் விண்டுபோயிற்று. பரண் மேல் இருந்த உன் அகலத் தலை மட்டையை எடுத்து, நரம்பை மாற்றாமல், அப்படியே ஆட ஆரம்பித்தேன். மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் ஈரத் துண்டைப் பிழியப் போனேன், முடியவில்லை. முழங்கையின் வெளிப்பக்கத்தில் ஆணி அடித்த மாதிரி ஒரு வலி. உன் அம்மா காப்பி கொண்டுவந்து நீட்டினாள். ஒரு கையால் டம்ளரைப் பிடிக்கமுடியாமல் இரண்டு கையாலும் ஏந்தி வாங்கினேன். வாங்கின அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, கண்ணு. நீ மட்டையை இரண்டு கையால் கொடுத்தது மரியாதைக்காக அல்ல. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட, இரும்புப் பம்பைத் தூக்கிப் பழகிய கை தாங்காத வலியைப் பதினெட்டு வயதுக் கை மூன்று வாரம் தாங்கி, பைனல் வரைக்கும் ஆடியிருக்கிறது. அந்தக் கைக்கு வலு இல்லை என்று சொன்னவன் நான்.

அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. பொங்கலுக்கு நீ வீட்டுக்கு வந்தபோது என் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்து, "என்னங்கப்பா ஆச்சு?" என்று பதறினாய். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றேன். நீ நம்பினாய். நாலு நாளும் எனக்குச் சாப்பாட்டைப் பிசைந்து வைத்தாய், கையைத் தூக்காதீங்க என்று அதட்டினாய். உன் அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள். நீ ஊருக்குத் திரும்பின பிறகு நரம்பு கட்டுகிறவரிடம் போய் ஐம்பத்தைந்துக்குத் தளர்த்திக் கட்டி வாங்கினேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகு வலி மெல்ல மெல்லக் குறைந்தது. அந்த மட்டையாலேயே மூத்தோர் இரட்டையரில் ஒரு கோப்பைகூட வாங்கினேன். கூடத்து அலமாரியில் இருக்கிறதே, நீ கல்யாணத்தின்போது துடைத்து வைத்தாயே, அதுதான். உன்னை விரட்டிவிட்டு உன் மட்டையால் ஜெயித்த கோப்பை. சொல்லாமல் இருந்தது வெட்கத்தால் என்று முதலில் நினைத்தேன். வெட்கம் ஒரு வருஷம் இருக்கும், இரண்டு வருஷம் இருக்கும். அதற்கு மேல் அது வெறும் திமிர்.

இத்தனைக்குப் பிறகும் மட்டையை டெஸ்ட் பண்ண எனக்குத்தான் அனுப்புகிறாய். அந்தத் துண்டுக் காகிதம் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது, ஒரு தடவை துவைத்தும்விட்டார்கள். எனக்கு ஆகுமா என்று கேட்டிருக்கிறாய். உன் அம்மாவிடம், "என்னனு எழுதறது?" என்று கேட்டேன். "உங்க கையிக்கு எப்படினு எழுதுங்க. அவ கையிக்கு எப்படினு அவ எழுதுவா" என்றாள். முப்பது வருஷ சர்வீசில் இவ்வளவு சுருக்கமான ரிப்போர்ட்டை நான் பார்த்ததில்லை. ஆகவே என் கைக்கு எப்படி என்பதை மேலே எழுதிவிட்டேன். ஆகும் ஆகாது என்று உனக்கு நான் சொல்லப்போவதில்லை. மாப்பிள்ளை ஆசையாக வாங்கினார் என்பதற்காகவும் நீ அதை ஆடவேண்டியதில்லை. அவர் நல்ல மனிதர், நீ வாயைத் திறந்து சொன்னால் கேட்டுக்கொள்வார். கேட்டுக்கொள்ளாவிட்டால் இந்த மலரை அவருக்குப் படித்துக் காட்டு.

ஒரு காரியம் செய்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கடையில் கட்டிக்கொடுத்த நரம்பை அறுத்துவிட்டேன். சட்டம் கோணாமல் இருக்க நடுவிலிருந்து வெளியே ஒவ்வொன்றாக, முறையாகத்தான் அறுத்தேன். வெறும் சட்டமாகத்தான் மட்டை உன்னிடம் வரும், பார்த்ததும் பயப்படாதே. நீயே கொண்டுபோய் நரம்பு கட்டுகிறவரிடம் கொடு. எத்தனை பவுண்டு என்று அவர் கேட்பார். அதை நீ சொல். சரிப்படவில்லை என்றால் மறுபடியும் அறுத்துவிட்டு வேறொன்று சொல். ஒன்றும் சரிப்படாவிட்டால் பழைய மட்டை ஒன்றை இத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். பிடியில் உன் பேரை நீ பேனாவால் எழுதியது இன்னும் அழியவில்லை. அன்றைக்கு நான் ஆபீஸ் அலமாரியில் ஒளித்து வைத்ததுதான். விண்ட இடத்தை ஒட்டிக் கட்டியிருக்கிறேன், மெல்ல வெட்டி ஆட அது தாங்கும்.

மலர் வெளியிடுகிற அன்றைக்குப் பெண்கள் பைனல். நான் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பேன். அன்றைக்குச் சிரித்த நாலு பேரில் மூன்று பேர் இப்போதும் வருகிறார்கள், ஆளுக்கொரு பிரதி என் கையாலேயே கொடுப்பேன். நீ வரவேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை. அங்கே உன் சிமெண்ட் கோர்ட்டில் ஒரு நாள் சாயங்காலம் நாலு பந்து ஆடிவிட்டு, கை எப்படி இருக்கிறது என்று எழுது. வலிக்கிறது என்று நீ எழுதினால், வலிக்கிறது. நான் எதையும் அழுத்திப் பார்க்கமாட்டேன். அன்றைக்கு எல்லாரும் கேட்கச் சொன்னதை இன்றைக்கு எல்லாரும் படிக்கத் திருத்திக்கொள்கிறேன். அந்த மட்டை மேல் தப்பு இருந்தது, நரம்பை இறுக்கிக் கட்டச் சொன்ன என் மேல் அதைவிடப் பெரிய தப்பு இருந்தது. உன் மேல்தான், கண்ணு, ஒரு தப்பும் இல்லை.

அப்பா